யார் வேலையை முதலில் பார்ப்பது?

கேள்வி:

ஐயா, வணக்கம். எனக்கு 29 வயது. டிப்ளமோ முடித்துவிட்டு ஏழு வருடமாக டெஸ்க்டாப் சப்போர்ட்டில் இருக்கிறேன். கடந்த இரண்டு வருடமாகக் கப்பலூரில் ஒரு தொழிற்சாலையில் ரெசிடென்ட் இன்ஜினியர். சம்பளம் தருவது வேறொரு சர்வீஸ் கம்பெனி. 160 கம்ப்யூட்டருக்கு நான் ஒருவன்தான். தலைமை அலுவலகம் சென்னையில்.

டிக்கெட் (சாஃப்ட்வேரில் பதிவான புகார்) இல்லாமல் எதையும் தொடாதே, எதுவானாலும் நான்கு மணி நேரத்தில் முடி, யு.எஸ்.பி.யை எல்லாம் அடைத்துவிடு, கம்ப்யூட்டரில் எதையும் நிறுவவும் மாற்றவும் விடும் அட்மின் ரைட்ஸை யாருக்கும் கொடுக்காதே என்கிறது சென்னை ஐ.டி. இங்கே ஜி.எம். சாரோ, "நீ இருக்கிறது என் பிளான்ட்ல. அட்மின் பாஸ்வேர்டைக் குடுத்துட்டுப் போ, ஒவ்வொண்ணுக்கும் உன்னைத் தேடிக்கிட்டு இருக்க முடியாது" என்கிறார். போன மாதம் 20ஆம் தேதி சாயங்காலம் ஜி.எஸ்.டி. ரிட்டர்ன் போட டிஜிட்டல் கையெழுத்து டோக்கனைச் செருகினால் வேலை செய்யவில்லை. யு.எஸ்.பி. அடைத்ததுதான் காரணம். அக்கவுண்ட்ஸ் மேனேஜர் எல்லார் முன்னாலும் என்னைப் பிடிபிடியென்று பிடித்துவிட்டார். என் கம்பெனி ஒரு நாளைக்குப் பன்னிரண்டு டிக்கெட் க்ளோஸ் ஆக வேண்டும் என்று கணக்குப் பார்க்கிறது. உற்பத்தி லைனில் இருக்கும் அண்ணன்கள் டிக்கெட்டே போடுவதில்லை, ஃபோன்தான். எடுக்காவிட்டால் "ஐ.டி. தம்பிக்கு மண்டைக்கனம்" என்கிறார்கள். ஸ்டோர்ஸில் ஓர் அக்கா ஒன்பது நாளாக பார்கோடு பிரின்டர் ஓடவில்லை என்று சொல்லிக்கொண்டிருக்கிறார். அவர் சத்தம் போடமாட்டார், அதனால் தள்ளிக்கொண்டே போகிறது.

மத்தளத்துக்கு இரண்டு பக்கம் அடி, எனக்கு நாலு பக்கமும். ராத்திரித் தூக்கத்திலும் ஃபோன் அடிப்பது போலவே இருக்கிறது. யார் சொல்வதைக் கேட்பது, யார் வேலையை முதலில் பார்ப்பது?

— பெயர் வெளியிட வேண்டாம், திருமங்கலம்

பதில்:

அன்புத் தம்பிக்கு,

ஸ்டோர்ஸ் அக்காவைப் பற்றி ஒரு வரிதான் எழுதியிருக்கிறீர்கள். கடிதத்தைப் படித்து முடித்த பிறகும் எனக்கு மனதில் நின்றது அந்த வரிதான். அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். முதலில் டோக்கன். அடுத்த 20ஆம் தேதிக்குள் அது சரியாகிவிட வேண்டும்.

யு.எஸ்.பி.யை அடை என்று சென்னை சொன்னபோது அவர்கள் மனதில் இருந்தது பென் டிரைவ். கம்பெனியின் டிராயிங்கோ விலைப்பட்டியலோ யாருடைய சட்டைப்பையிலும் ஏறி வெளியே போய்விடக் கூடாது, வெளியிலிருந்து வைரஸ் உள்ளே வந்துவிடக் கூடாது. கவலை அவ்வளவுதான். பாலிசி போட்டவர் போர்ட்டையே மொத்தமாக மூடிவிட்டார். எதைச் செருகினாலும் அது எந்த வகைக் கருவி என்று விண்டோஸுக்குத் தெரியும். பென் டிரைவும் வெளி ஹார்டு டிஸ்க்கும் சேமிப்பு வகை. டோக்கன் ஸ்மார்ட் கார்டு ரீடர் வகை. எல்லாக் கம்ப்யூட்டருக்கும் ஒரே இடத்தில் இருந்து விதி போடும் குரூப் பாலிசியில் 'ரிமூவபிள் ஸ்டோரேஜ் ஆக்சஸ்' பகுதிக்குப் போய்ச் சேமிப்பு வகைக்கு மட்டும் தடை போட்டால் டோக்கனும் கீபோர்டும் மவுஸும் பிரின்டரும் எப்போதும் போல ஓடும்.

ஓர் இடத்தில் மட்டும் கவனம். சில டோக்கன்களைச் செருகியதும் ஒரு குட்டி சி.டி. டிரைவ் மாதிரியும் காட்டும். டிரைவர் சாஃப்ட்வேர் அதற்குள் இருக்கும். சேமிப்பை அடைத்த கம்ப்யூட்டரில் அந்த சி.டி. திறக்காது, டிரைவர் ஏறாது. உடனே 'டோக்கன் போயிருச்சு' என்று எல்லாரும் சொல்லத் தொடங்கிவிடுவார்கள். டிரைவரை நீங்களே முன்கூட்டி ஏற்றிவிடுங்கள். கையெழுத்துக்கு ஜி.எஸ்.டி. தளம் கேட்கும் எம்சைனர் புரோகிராம் ஓடுகிறதா என்றும், டோக்கனுக்குள் இருக்கும் சான்றிதழ் எந்தத் தேதியில் காலாவதியாகிறது என்றும் அப்போதே பார்த்துவிடுங்கள். பாலிசியை மாற்றச் சொல்லிச் சென்னைக்கு எழுதும்போது 'அக்கவுண்ட்ஸுக்கு விதிவிலக்கு வேண்டும்' என்று கேட்காதீர்கள். 'சேமிப்பு வகை மட்டும் தடை, ஸ்மார்ட் கார்டு வகை அனுமதி' என்று கேளுங்கள். விதிவிலக்கு என்ற சொல்லைக் கேட்டாலே ஆடிட்டுக்குப் பதில் சொல்ல வேண்டியவர்களுக்கு வயிற்றைக் கலக்கும். வகை என்று சொன்னால் அது விதிக்குள்ளேயே அடங்கிவிடும்.

பாருங்கள், அக்கவுண்ட்ஸ் மேனேஜரும் சென்னையும் எதிரும் புதிருமாக நிற்பதாக நினைத்துப் போன மாதம் முழுக்க வெந்துபோயிருக்கிறீர்கள். அவர்கள் இருவருக்கும் நடுவில் சண்டையே கிடையாது. நம் வேலையில் மோதல் மாதிரித் தெரிவதில் பாதிக்குப் பாதி இப்படித்தான். விஷயத்தை இன்னும் ஓர் அடுக்குத் தோண்டினால் இரண்டு பேருக்கும் வேண்டியது கிடைத்துவிடும். தோண்டுவது நம் பொறுப்பு, அதை வேறு யாரும் செய்ய மாட்டார்கள்.

அக்கவுண்ட்ஸ் மேனேஜரின் கோபத்தையும் கொஞ்சம் அவர் நாற்காலியில் இருந்து பாருங்கள். 20ஆம் தேதி தாண்டினால் ஜி.எஸ்.டி.ஆர்-3பி என்ற மாதாந்திர வரி ரிட்டர்னுக்கு நாளொன்றுக்கு ரூ.50 தாமதக் கட்டணம், கட்டாத வரிக்கு வருடத்துக்கு 18 சதவீத வட்டி. 11ஆம் தேதி விற்பனை விவரம் சொல்லும் ஜி.எஸ்.டி.ஆர்-1 தவறினால் அது இன்னும் மோசம். வாங்கியவரின் வரி வரவைக் காட்டும், 14ஆம் தேதி உருவாகும் 2பி பட்டியலில் அந்தப் பில் இருக்காது, சரக்கு வாங்கியவருக்கு அந்த மாதம் வரி வரவு கிடைக்காது, அவர் இங்கே ஃபோன் போட்டுக் கத்துவார். 7ஆம் தேதி டி.டி.எஸ்., 15ஆம் தேதி பி.எஃப்., இ.எஸ்.ஐ. இந்த நான்கு தேதிகளையும் உங்கள் மேஜைக்கு எதிரே சுவரில் எழுதி ஒட்டுங்கள். ஒவ்வொன்றுக்கும் மூன்று நாள் முன்னால் அக்கவுண்ட்ஸுக்கு நீங்களாகவே போய், "டோக்கனை ஒரு தடவை செருகிப் பார்த்துருவோமா சார்?" என்று கேளுங்கள். ஐந்து நிமிட வேலை. இரண்டு மாதம் கேட்டுப் பாருங்கள், அவர் உங்களோடு பேசுகிற தொனியே மாறிவிடும்.

இப்போது ஜி.எம். சார். இங்கே இருப்பது உண்மையான மோதல். இதை நான் ஒரு முறை தவறாகக் கையாண்டு பட்டிருக்கிறேன், அதைச் சொன்னால்தான் உங்களுக்குப் புரியும்.

2009. மதுரையை ஒட்டிய ஒரு மில்லில் இருந்தேன், உங்கள் வயதுதான். ஒரு மேனேஜர் தினமும் அட்மின் ரைட்ஸ் கேட்பார். ஒரு நாள் மதியம், சாப்பாட்டு நேரத்தில், பத்துப் பேர் முன்னால் குரலை உயர்த்தினார். எனக்கு அவமானமாகப் போய்விட்டது. பேசாமல் கொடுத்துவிட்டேன். யாருக்கும் சொல்லவில்லை, எங்கும் எழுதவில்லை. லேப்டாப் மெதுவாக இருக்கிறது என்று அவர் ஆன்டிவைரஸை நிறுத்தியிருக்கிறார். பிறகு எங்கிருந்தோ வந்த ஒரு பென் டிரைவைச் செருகியிருக்கிறார். மறுநாள் காலை ஷிஃப்டில் யாராலும் லாகின் செய்ய முடியவில்லை. பாஸ்வேர்டைச் சரியாக அடித்தாலும் அக்கவுண்ட் லாக். திறந்துவிட்டால் பத்து நிமிடத்தில் மறுபடியும் லாக். கான்ஃபிக்கர் என்ற அந்த வைரஸ், நெட்வொர்க்கில் இருக்கிற ஒவ்வொருவர் பெயரிலும் பாஸ்வேர்டை ஊகித்து ஊகித்து அடித்துக்கொண்டிருந்தது. அது நுழைகிற ஓட்டையை அடைக்கும் திருத்தத்தை மைக்ரோசாஃப்ட் 2008 அக்டோபரிலேயே வெளியிட்டிருந்தது. ரீஸ்டார்ட் செய்தால் உற்பத்தி நிற்கும் என்று ஷிஃப்ட் இன்சார்ஜ்கள் சொல்ல, நாங்களும் மாதக்கணக்கில் தள்ளிப் போட்டிருந்தோம். கையில் சி.டி.யோடு 140 கம்ப்யூட்டருக்கும் ஒவ்வொன்றாகப் போனோம். மூன்று நாள், இரண்டு இரவு. டிஸ்பேட்ச்சில் கைப்பில் போட்டார்கள்.

விசாரணையில் அந்த மேனேஜர் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. "நான் கேட்டேன், அவன் குடுத்தான். குடுக்கக் கூடாதுன்னா சொல்லியிருக்கணும்ல?" அன்றைக்கு எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. பல வருடம் கழித்துத்தான் புரிந்தது, அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. அவருக்கு அட்மின் ரைட்ஸ் என்றால் ஒரு வசதி. அதில் என்ன ஆபத்து என்று தெரிந்தவன் அந்தக் கூடத்தில் நான் ஒருவன்தான். தெரிந்த நான் வாயைத் திறக்கவில்லை. மில்லின் தலையெழுத்தை நானே தனியாக, ஒரு தட்டுச் சோற்றுக்கு முன்னால் முடிவு செய்துவிட்டேன்.

உங்கள் ஜி.எம்.மிடம் முதலில் ஒரு கேள்வி கேளுங்கள்: "சார், போன வாரம் எந்தெந்த வேலைக்கு அட்மின் தேவைப்பட்டுச்சு?" பெரும்பாலும் பதில் ஒன்றோ இரண்டோதான் வரும். இன்னொரு இடத்தில் எடைமேடைக்காரர் இப்படித்தான் அட்மின் கேட்டுக்கொண்டே இருந்தார். போய்ப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். அந்தப் பழைய எடைமேடை சாஃப்ட்வேர் ஒவ்வொரு லாரி எடையையும் புரோகிராம் ஃபைல்ஸுக்குள் இருக்கும் தன் ஃபோல்டரிலேயே எழுதப் பார்க்கிறது. சாதாரண யூசருக்கு அங்கே எழுத அனுமதி இல்லை, அதனால் எரர். அந்த ஒரு ஃபோல்டருக்கு மட்டும் எழுதும் அனுமதி கொடுத்தேன். அதோடு சரி, அட்மின் பேச்சே வரவில்லை. ஜி.எம்.முக்கும் இப்படி ஏதாவது ஒரு முள்தான் குத்திக்கொண்டிருக்கும். வீட்டு பிரின்டரைச் சேர்க்க முடியவில்லை, மெஷின் கம்பெனிக்காரர் அனுப்பிய அப்டேட் ஏறவில்லை, வெளியூரில் மீட்டிங் சாஃப்ட்வேர் நிறுவச் சொல்லிக் கேட்கிறது. அந்த முள்ளை எடுங்கள்.

முள் எடுத்த பிறகும் கேட்டால், அன்றாட வேலைக்கு எப்போதும் உள்ள அக்கவுண்ட், எதையாவது நிறுவும்போது மட்டும் தனி அக்கவுண்ட், அதுவும் அவர் லேப்டாப்புக்கு மட்டும் என்று ஒரு வழி இருக்கிறது. அதைக்கூடக் கொடுக்கலாமா என்று முடிவு செய்ய வேண்டியது சென்னை. உங்களிடம் இருக்கும் பாஸ்வேர்டை மட்டும் சொல்லிவிடாதீர்கள். பல இடங்களில் எல்லா மெஷினுக்கும் லோக்கல் அட்மின் பாஸ்வேர்டு ஒன்றாகவே இருக்கும். அங்கேயும் அப்படி இருந்தால் நீங்கள் கொடுப்பது 160 வீட்டுச் சாவி. மெஷினுக்கு மெஷின் தானாகவே பாஸ்வேர்டை மாற்றி வைக்கும் லேப்ஸ் வசதி 2023 ஏப்ரலில் இருந்து விண்டோஸிலேயே சேர்ந்து வருகிறது. அதைப் போடச் சொல்லிச் சென்னையை நச்சரியுங்கள்.

சென்னை ஏன் இவ்வளவு விறைப்பாக இருக்கிறது என்பதற்கும் காரணம் உண்டு. மத்திய அரசின் சைபர் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரல் 28ஆம் தேதி கொடுத்த உத்தரவுப்படி, சைபர் தாக்குதல் என்று தெரியவந்த 6 மணி நேரத்துக்குள் கம்பெனி அதைத் தெரிவிக்க வேண்டும், கம்ப்யூட்டர்களில் நடந்ததைச் சொல்லும் பதிவு (லாக்) 180 நாளுக்குக் கையில் இருக்க வேண்டும். யார் மெஷினில் யார் என்ன நிறுவினார்கள் என்றே தெரியாத நெட்வொர்க்கில் 6 மணி நேரத்தில் யாரால் பதில் சொல்ல முடியும்? அங்கே இருப்பவரும் ஒருவருக்குப் பதில் சொல்லும் இடத்தில்தான் இருக்கிறார்.

இனி நீங்கள் கேட்ட கேள்வி. யார் சொல்வதைக் கேட்பது?

நான்கு பேர் சொல்வது ஒன்றோடொன்று முட்டுகிறது என்றால், அந்த முட்டல் அவர்கள் நான்கு பேருக்குள் இருக்கிறது. ஆனால் அவர்கள் யாருக்கும் அது தெரியாது, ஏனென்றால் ஒவ்வொருவரும் உங்களிடம் மட்டும்தான் பேசுகிறார்கள். ஜி.எம்.முக்குச் சென்னை சொன்னது தெரியாது. சென்னைக்கு லைனில் இருந்து வருகிற ஃபோன் தெரியாது. உங்கள் கம்பெனிக்கு இரண்டும் தெரியாது. எல்லாவற்றையும் அறிந்தவர் நீங்கள் ஒருவர். அதை வயிற்றுக்குள்ளேயே வைத்துக்கொண்டு, தினமும் காலையில் 'இன்றைக்கு யாரை ஏமாற்றுவது' என்று நீங்களே தீர்ப்புச் சொல்லிக்கொண்டிருக்கிறீர்கள். அந்த அதிகாரத்தை யாரும் உங்களுக்குக் கொடுக்கவில்லை, அதற்கான சம்பளமும் கிடையாது. தூக்கம் கெடுவது அதனால்தான் என்று நான் நம்புகிறேன். வேலைப்பளு மட்டும் இப்படித் தூக்கத்தைக் கெடுக்காது.

ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்குங்கள். இரண்டு வாரம், வருகிற ஒவ்வொரு வேலையையும் எழுதுங்கள். எத்தனை மணிக்கு, யார், என்ன, எவ்வளவு நேரம் பிடித்தது. கடைசியாக ஒரு பத்தி, அதை மறக்காதீர்கள்: இதைப் பார்த்ததால் எது நின்றது. அந்தக் கடைசிப் பத்திதான் உயிர். 'ஜி.எம். வீட்டு வைஃபை, இரண்டு மணி நேரம். அப்போது நின்றது டிஸ்பேட்ச் பிரின்டர்' என்று ஒரு வரி இருந்தால் அது நூறு புலம்பலுக்குச் சமம். யாரையும் காட்டிக்கொடுக்கிற தொனி வேண்டாம். கணக்குப்பிள்ளை எழுதுகிற மாதிரி எழுதுங்கள்.

பிறகு அதை ஒரு பக்கமாகச் சுருக்கி, அரை மணி நேரக் கூட்டம் ஒன்று கேளுங்கள். ஜி.எம்., அக்கவுண்ட்ஸ் மேனேஜர், ஃபோனில் சென்னை ஐ.டி. மேனேஜர், உங்கள் கம்பெனி ஆள். மெயில் போடுவதற்கு முன்னால் ஜி.எம். அறைக்கு நேரில் போய்ச் சொல்லிவிடுங்கள். நம் ஊரில் மெயிலில் திடீரென்று நாலு பேரைச் சேர்த்துப் பார்த்தால், கோள்மூட்டியதாகத்தான் எடுத்துக்கொள்வார்கள். பதினொரு மணி டீ நேரத்தில் போங்கள். "சார், உங்க வேலை எதுவும் நிக்கக் கூடாதுன்னுதான் கேக்கிறேன். ரெண்டு பக்கமும் ரெண்டு மாதிரி சொல்றாங்க, நீங்க நாலு பேரும் பேசி ஒண்ணு சொல்லிட்டா அப்படியே செஞ்சிருவேன்." இதில் பணிவும் இருக்கிறது, விஷயமும் இருக்கிறது. பிறகு மெயில்:

'ஐயா, தங்கள் லேப்டாப்புக்கு அட்மின் அனுமதி கேட்டிருக்கிறீர்கள். தலைமை அலுவலக விதிப்படி அதைக் கொடுக்க எனக்கு அனுமதி இல்லை. கொடுக்காவிட்டால் மென்பொருள் நிறுவ நான் வரும்வரை தாங்கள் காத்திருக்க நேரும். கொடுத்தால் அந்த லேப்டாப் வழியாக வைரஸ் பிளான்ட் முழுவதும் பரவும் வாய்ப்பு கூடும். இதில் எதை ஏற்பது என்று தாங்களும் தலைமை அலுவலகமும் முடிவு செய்து தெரிவித்தால் அதன்படி செய்கிறேன்.'

ஐந்து வரி. 'முடியாது' என்ற சொல் இதில் கிடையாது, 'சரி' என்ற சொல்லும் கிடையாது. 2009இல் இந்த ஐந்து வரியை எழுதத் தெரிந்திருந்தால் நான் அந்த மூன்று நாள் பட்டிருக்க மாட்டேன்.

கூட்டத்தில் நீங்கள் கேட்க வேண்டியது ஒன்றுதான். டிஸ்பேட்ச் பிரின்டரும் ஜி.எம். லேப்டாப்பும் ஒரே நேரத்தில் நின்றால் எது முதலில்? கேட்டுவிட்டு அமைதியாக இருங்கள். நான் இருந்த இரண்டு இடங்களில் இந்தக் கேள்விக்கு ஜி.எம்.களே சொன்ன பதில், "லாரி நிக்கும்போது என் லேப்டாப்பை எதுக்குப் பாக்கிற?" அவர்கள் கெட்டவர்கள் இல்லை தம்பி. தன் வேலைக்காக எது நிற்கிறது என்று அவர்களுக்கு யாரும் காட்டியதில்லை. அன்று அவர் வாயால் சொன்னதை அன்றைக்கே நான்கு வரியாக எழுதி நான்கு பேருக்கும் அனுப்பிவிடுங்கள். அடுத்த முறை யாராவது சத்தம் போட்டால் காட்டுவதற்குக் கையில் காகிதம் இருக்கும்.

உங்கள் கம்பெனிக்கும் தொழிற்சாலைக்கும் இடையில் உள்ள ஒப்பந்தத்தில் உங்கள் வேலை என்னென்ன என்று ஒரு பகுதி கட்டாயம் இருக்கும். இரண்டு வருடமாகியும் அதை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள் என்று நினைக்கிறேன், ரெசிடென்ட் இன்ஜினியர்களுக்கு அதை யாரும் காட்டுவதில்லை. கேட்டு வாங்கிப் படியுங்கள். வீட்டு வைஃபையும் சொந்த மொபைலும் அதில் இருக்கின்றனவா என்று தெரிந்துகொண்டு கூட்டத்துக்குப் போங்கள்.

எதை முதலில் பார்ப்பது என்பதற்கு நம் தொழிலில் ஒரு பழைய அளவுகோல் இருக்கிறது. எத்தனை பேர் வேலை நிற்கிறது என்பது பாதிப்பு. எவ்வளவு நேரம் தாங்கும் என்பது அவசரம். இரண்டையும் சேர்த்துப் பார்த்து வரிசை போடு என்பார்கள். 1980களின் கடைசியில் பிரிட்டிஷ் அரசாங்கத்தின் கணினித் துறை தொகுக்க ஆரம்பித்த ஐ.டி.ஐ.எல். முறைகளில் இதுவும் சேர்ந்தது. சென்னை உங்களுக்குக் கொடுத்திருக்கும் டிக்கெட் சாஃப்ட்வேரிலும் இந்த இரண்டு கட்டங்கள் இருக்கும். அந்தக் கட்டங்களில் பதவி என்று ஒன்று இல்லை, சத்தம் என்றும் ஒன்று இல்லை. ஆனால் நடைமுறையில் நாம் எல்லாரும் பார்ப்பது சத்தத்தைத்தான். அழுத பிள்ளைக்குத்தான் பால் கிடைக்கிறது.

அழாத பிள்ளைதான் உங்கள் ஸ்டோர்ஸ் அக்கா. பார்கோடு பிரின்டர் ஒன்பது நாளாக ஓடவில்லை என்றால் அங்கே என்ன நடந்துகொண்டிருக்கும் என்று எனக்குத் தெரியும், நான் அப்படி ஒருவர் பக்கத்தில் நின்றிருக்கிறேன். வெள்ளை ஸ்டிக்கரில் ஸ்கெட்ச் பேனாவால் பொருள் எண்ணை எழுதி ஒட்டிக்கொண்டிருந்தார். பன்னிரண்டு இலக்கம். ஒவ்வொன்றையும் வாய்க்குள் முணுமுணுத்து இரண்டு தடவை சரிபார்ப்பார். கட்டைவிரலில் மை. சாயங்காலம் அத்தனையையும் கம்ப்யூட்டரில் கையால் அடிப்பார், அதில் ஓர் இலக்கம் மாறினால் சரக்கு வேறு பெயரில் ஏறிவிடும். அவர் என்னிடம் சொன்னது, "உங்களுக்கு ஆயிரம் வேலை இருக்கும்ல தம்பி, முடியும்போது வாங்க." அந்தப் பணிவை நாம் அவசரமில்லை என்று படித்துவிடுகிறோம். என்னை இந்தத் தொழிலில் இன்றும் உறுத்துவது இதுதான். கோபக்காரருக்குப் பத்து நிமிடத்தில் ஓடினோம், பொறுமைக்காரரைக் கைவிட்டோம். தினமும் காலையில் டிக்கெட்டுகளைத் தேதி வாரியாகத் திருப்பிப் போட்டு, மிகப் பழையதாக இருக்கும் ஒன்றை ஃபோன்கள் தொடங்கும் முன் முடித்துவிடுங்கள். ஒரு நாளைக்கு ஒன்றே போதும்.

லைன் அண்ணன்கள் டிக்கெட் போடாததற்கு மண்டைக்கனம் காரணமில்லை. உங்கள் டிக்கெட் படிவம் எந்த மொழியில் இருக்கிறது? அநேகமாக இங்கிலீஷில், பதினைந்து கட்டங்களோடு இருக்கும். 'கேட்டகரி', 'சப் கேட்டகரி' என்றெல்லாம் கேட்டால் மெஷின் முன்னால் கையில் எண்ணெயோடு நிற்கும் மனிதர் என்ன செய்வார்? ஃபோன்தான் போடுவார். சென்னையிடம் கேட்டு லைனுக்கு மட்டும் ஒரு சின்னப் படிவம் தமிழில் வாங்குங்கள். 'லாகின் ஆகவில்லை', 'பிரின்ட் வரவில்லை', 'நெட் இல்லை', 'மெஷின் மெதுவாக இருக்கிறது', 'வேறு'. ஐந்து பட்டன், ஒரு பெயர், ஓர் இடம். கிடைக்கும்வரை ஃபோனை எடுங்கள், பேசும்போதே அவர் பெயரில் டிக்கெட்டை நீங்களே போடுங்கள். டிக்கெட் போட்டால்தான் வருவேன் என்று லைன் நிற்கும்போது சொல்லாதீர்கள். விதி கணக்குக்காக வந்தது, கணக்கை நீங்கள் எழுதிவிட்டால் விதியும் நிறைவேறும், அவர் மனமும் நோகாது. உங்கள் கம்பெனி கேட்கும் பன்னிரண்டும் இதிலேயே பாதி வந்துவிடும், இன்றைக்கு நீங்கள் ஃபோனில் முடித்துக்கொடுக்கும் வேலை எதுவும் கணக்கில் ஏறுவதில்லையே.

பன்னிரண்டைப் பற்றி ஒரு எச்சரிக்கை. எண்ணிக்கைக்காக, முடியாத வேலையை 'முடிந்தது' என்று க்ளோஸ் செய்துவிட்டு மறுநாள் புதிதாகத் திறக்கிற பழக்கம் நம் ஆட்களிடம் பரவலாக இருக்கிறது. வேண்டாம். ஒரு முறை அப்படி க்ளோஸ் ஆன டிக்கெட்டைப் பார்த்த மனிதர் அதற்குப் பிறகு டிக்கெட்டை நம்ப மாட்டார். பாகம் வரவேண்டியிருந்தால் 'பாகத்துக்குக் காத்திருப்பு' என்று போடுங்கள், பெரும்பாலான சாஃப்ட்வேரில் அப்போது நேரம் ஓடாது.

நான்கு மணி நேரம் என்றால் என்ன என்றும் எழுத்தில் கேளுங்கள். வந்து பார்ப்பதற்கான நேரமா, முடித்துக் கொடுப்பதற்கான நேரமா? இரண்டும் வேறு. பவர் சப்ளை எரிந்துபோன மெஷினை நான்கு மணி நேரத்தில் யாரும் எழுப்ப முடியாது. இன்னொன்று, அந்த சாஃப்ட்வேரில் விடுமுறை நாள்காட்டி ஒன்று இருக்கும். சென்னைக்காரர் போட்டது என்றால் அழகர் ஆற்றில் இறங்கும் நாள் அதில் சாதாரண வேலை நாளாகத்தான் இருக்கும். மாவட்டமே விடுமுறையில் வைகைக் கரையில் நிற்கும், உங்கள் டிக்கெட்டுகளுக்கு மட்டும் கடிகாரம் ஓடும், மறுநாள் அறிக்கையில் எல்லாம் சிவப்பாக வரும். அன்று உங்கள் பிளான்ட்டுக்கு விடுமுறை என்றால் மதுரைக்கென்று தனி நாள்காட்டி போடச் சொல்லுங்கள். அமைப்பில் இரண்டு நிமிட மாற்றம், கேட்டால் செய்துவிடுவார்கள்.

அப்டேட், ரீஸ்டார்ட் தகராறையும் அதே கூட்டத்தில் முடித்துவிடுங்கள். 2017 மே மாதம் வான்னாகிரை என்ற வைரஸ் உலகத்தையே முடக்கியபோது, அதற்கான திருத்தம் வந்து இரண்டு மாதமாகியிருந்தது. எனக்கு 2009இல் நடந்ததேதான் அங்கும் நடந்தது. லைனில் எந்த ஷிஃப்ட் மாறும்போது எந்த மெஷினை ரீஸ்டார்ட் செய்யலாம் என்று இன்சார்ஜ்களையே சொல்லவையுங்கள். அவர்கள் தேர்ந்தெடுத்த நேரம் என்றால் அவர்களே நினைவுபடுத்துவார்கள்.

ராத்திரி ஃபோன் விஷயம். நைட் ஷிஃப்டில் எது நின்றால் உங்களை எழுப்பலாம் என்று கூட்டத்தில் ஒரு வரி எழுதி வாங்குங்கள். சர்வர், டிஸ்பேட்ச், நெட்வொர்க், இவ்வளவுதான் இருக்க வேண்டும். மற்றதெல்லாம் காலையில். நீங்கள் லீவு போட்டால் யார் வருவார்கள் என்று உங்கள் கம்பெனியிடம் ஒரு பெயர் கேளுங்கள். 160 மெஷினுக்கு மாற்று ஆளே இல்லாமல் ஒருவரை வைத்திருப்பது தொழிற்சாலைக்கும் ஆபத்து, அதை அவர்களுக்குச் சொல்ல நீங்கள் வெட்கப்பட வேண்டியதில்லை.

இதெல்லாம் நடக்க ஒரு மாதம் ஆகும். பார்கோடு பிரின்டர் அதுவரை காத்திருக்க வேண்டாம். நாளைக் காலை காலாகாலத்தில் ஸ்டோர்ஸுக்குப் போங்கள். பிரின்டரை அணைத்து, ஃபீட் பட்டனை அழுத்திப் பிடித்தபடி மறுபடி போட்டுப் பாருங்கள், பெரும்பாலான மாடல்களில் சோதனை லேபிள் ஒன்று வெளியே வரும். வந்தால் பிரின்டர் நன்றாக இருக்கிறது. அந்த லேபிளிலேயே ஐ.பி. எண் (நெட்வொர்க்கில் அதன் முகவரி) அச்சாகியிருந்தால், கம்ப்யூட்டரில் இருக்கும் எண்ணோடு ஒப்பிடுங்கள். இரண்டும் வேறாக இருந்தால், ரூட்டரோ ஸ்விட்ச்சோ அணைந்து எழுந்தபோது பிரின்டருக்குப் புது எண் கிடைத்திருக்கிறது என்று அர்த்தம். இந்த எண்களைப் பங்கிட்டுக் கொடுக்கும் டி.எச்.சி.பி.யில் அந்த எண்ணை அதற்கே ஒதுக்கிவிட்டால் மறுபடியும் மாறாது. சரியானதும் உடனே கிளம்பிவிடாதீர்கள். அந்த ஒன்பது நாளும் கையால் எழுதி ஒட்டிய லேபிள்களை அவரோடு உட்கார்ந்து அச்சடித்து மாற்றிக் கொடுத்துவிட்டு வாருங்கள். எண் மாறி ஏறிய சரக்கு ஒன்றிரண்டு அதில் இருக்கும்.